வளைந்த கோடுகளும் நாற்பத்து மூன்று அங்குல டிவியும்

இந்த மாதம் மட்டும் மூன்று டிவிகளைக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஒன்று மங்கல் என்றேன். அடுத்ததில் என் முகம்தான் தெரிகிறது, படம் தெரியவில்லை என்றேன். மூன்றாவதற்கு... அதன் கால்கள் அகலம், எங்கள் மேசைக்குப் பொருந்தாது என்று சொன்னேன்.

டிவியின் காலைப் பார்த்தா ஆட்கள் டிவி வாங்குகிறார்கள்? கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வாய் திறந்து சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சாதாரணப் பயமில்லை. சோறு இறங்காத பயம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. மட்டக்களப்பிலிருந்து கதிரவெளிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி. வயது ஐம்பத்தொன்று. விடிய எழும்பிப் போய், போய் வந்து, போய் வந்து, பின்னேரம் வீட்டுக்கு வருவார். குளிப்பார். தேத்தண்ணி குடிப்பார். பிறகு கேம் பெட்டியைப் பழைய சின்ன டிவியில் கொழுவி வைத்துக்கொண்டு மறுபடியும் கார் ஓட்டுவார்.

நாள் முழுக்க ஓட்டினது காணாதா என்று கேட்டால், கேம் ரோட்டில் மாடு படுக்காது என்பார். மாங்கேணிப் பக்கம் ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு அந்தப் பதிலின் நியாயம் விளங்கும்.

நான் அமிர்தகழியில் வீட்டிலிருந்தபடியே அச்சுக்குப் பக்கம் செய்து கொடுப்பவள். கல்யாணக் கார்ட், மாமாங்கத் திருவிழாக் காலத்தில் நோட்டீஸ்... ஆனால் வருடம் முழுக்கக் கைவிடாமல் வருவது முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள்தான். இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றியுரை. நடுப்பக்கத்தில் வம்சாவளி — பெட்டி பெட்டியாகப் பெயர்கள், பெட்டிகளை இணைக்கும் நேர்கோடுகள். அந்தக் கோடுகள் போடுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, எங்கள் படலையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் நான் செய்த நினைவு மலர். இறந்த அம்மாளின் இரண்டாவது அண்ணன் தான் என்றும், பெயர் தம்பிராசா என்றும் சொன்னார். நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினார்.

வம்சாவளியில் மூத்த அண்ணன் பெயருக்கு முன்னால் நிற்க வேண்டிய 'காலஞ்சென்ற' என்ற சொல், ஒரு வரி இறங்கி இவர் பெயருக்கு முன்னால் நின்றது. முந்நூறு பிரதி. எல்லாம் ஊருக்குக் கொடுத்து முடிந்துவிட்டது.

அச்சுக்குப் போக முன் வீட்டார் பார்த்துச் சரி என்று சொன்னார்கள்தான். ஆனால் செத்த வீட்டில் யார் உட்கார்ந்து ஊன்றி வாசிப்பார்கள்? அது என் வேலை. பதினாறு வருடமாக ஒருவரையும் நான் இப்படிச் சாகடித்ததில்லை.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கதிரையில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், மெதுவாகக் கேட்டார்.

"புள்ள, திகதி ஒண்டும் போடல்லதானே?"

இல்லை ஐயா, இறந்த திகதி ஒன்றும் போடவில்லை என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. திருத்தித் தாள் ஒட்டித் தருகிறேன் என்று நான் சொன்னதைக்கூட அவர் சரியாகக் கேட்கவில்லை. அச்சில் வந்த சொல்லுக்கு எங்கள் ஆட்கள் இப்படித்தான் பயப்படுவார்கள். நானும் பயந்தேன். ஆனால் என் பயம் வேறு.

அவர் போன பிறகு லப்டொப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு புகை. கோடுகள் புகைக்குள் போய், வளைந்து, வெளியே வந்தன. வரி ஒன்று முழுதாகவே காணாமல் போனது. மற்றக் கண்ணால் பார்த்தேன். அதிலும் கொஞ்சம்.

இது புதிதா? இல்லை. சில வாரங்களாகவே இருந்தது. லப்டொப் பழசு, திரை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் அறைக் கதவின் நிலை நடுவில் வளைந்து தெரிந்தபோது, மரம் காயாமல் நிலை வைத்த தச்சரைத்தான் திட்டினேன். கதவு மட்டும் எப்படி வழக்கம்போலப் பூட்டுகிறது என்று நான் என்னையே கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அம்மாவுக்கும் இருந்தது. அவவுக்கு முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. பிறகு அரிசியில் கல் தெரியாமல் போனது. ஒரு நாள் பட்டப்பகல், சன்னல் முழுக்க வெயில், அம்மா கட்டிலில் இருந்தபடி "லைட்டப் போடன் மனே" என்றா. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் என் முதுகு குளிர்கிறது.

இப்படி ஒரு நிலையில் புத்தியுள்ளவர் என்ன செய்வார்? கண் டொக்டரிடம் போவார். நான் என்ன செய்தேன்? பெரிய டிவி வாங்க முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். பெரிய திரை, பெரிய எழுத்து, வேலையும் நிற்காது, ஒருவருக்கும் சொல்லவும் தேவையில்லை. வீட்டுக்காரரிடம், லப்டொப்பை டிவியில் கொழுவி வேலை செய்தால் கழுத்து நோகாது, நீங்களும் கேம் விளையாடலாம் என்று சொன்னேன். நான் வசனத்தை முடிக்கவில்லை. அவர் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துவிட்டார்.

முதல் கடை டவுனில். எங்கள் கைக்கு எட்டும் விலையில் முப்பத்திரண்டு அங்குலம். பெட்டியில் பெரிதாக எச்டி என்று போட்டிருந்தது. இவர் தன் கேம் பெட்டியைத் துவாயில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்ல முதலே கொழுவிவிட்டார். டிவி வாங்குவதில் இவருக்கு ஒரே ஒரு பரீட்சைதான் — பிரேக். பொத்தானை அமத்தினால் கார் அந்தக் கணமே நிற்க வேண்டும். சில டிவிகளில் கை அமத்தியதற்கும் படம் நிற்பதற்கும் நடுவில் ஒரு இழுவை இருக்கிறது. படத்தை அழகுபடுத்த டிவி எடுக்கும் நேரமாம் அது. பஸ் சாரதியிடம் போய்ப் பிரேக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும் என்று சொல்ல முடியுமா?

நான் என் பென்டிரைவைக் கொடுத்தேன். அதில் ஒரு வம்சாவளிப் பக்கம். அதைத் திரையில் போட்டபோது எழுத்துகளின் விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக இருந்தன. கடைக்காரர் நேர்மையான மனிதர். இது சாதாரண எச்டிதான், படம் பார்க்கக் காணும், எழுத்து வேலைக்கு ஃபுல் எச்டியாவது வேண்டும் என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பழுது டிவியில். அதைக் கடைக்காரரே சொல்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டாவது கடையில் ஃபுல் எச்டி. கேம் மோட் என்று ஒன்றைப் போட்டதும் பிரேக் அந்தக் கணமே பிடித்தது. இவருடைய முகம் மலர்ந்தது. என் பக்கத்தைப் போட்டார்கள். விளிம்புகள் வெட்டுப்பட்டன. அங்கே வேலை செய்யும் பெண் பிள்ளை டிவியின் செட்டிங்கில் எங்கேயோ போய் ஒரு இடத்தை அமத்த, பக்கம் முழுதாக வந்து உட்கார்ந்தது. எழுத்து இப்போது கூர் என்று அந்தப் பிள்ளை சொன்னது.

நான் பார்த்தேன். நடுவில் புகை. கோடுகள் வளைந்தன.

அப்போதுதான் என் முகம்தான் தெரிகிறது என்ற குறையைச் சொன்னேன். அடுத்த கடையில் முகம் தெரியாத மட்டான திரையைக் காட்டினார்கள். அதிலும் புகை அதே இடத்தில் இருந்தது. நான் தலையைத் திருப்பினால் புகையும் திரும்பியது. டிவியில் உள்ள பழுது என் தலையோடு ஏன் திரும்ப வேண்டும்? விடை எனக்குத் தெரிந்திருந்தது. கால் அகலம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடை நிழலில் ஒதுங்கி நின்றேன். வெயில் என்று இவரிடம் சொன்னேன்.

நாலாவது டிவிக்குக் காத்தான்குடிக்குப் போனோம். கடைக்கு இல்லை, வீட்டுக்கு. இவருடைய பஸ்ஸில் முன்பு நடத்துநராக இருந்த ஒருவரின் மச்சான், ஜவ்பர் நானா. கட்டாரில் பதினொரு வருடம். திரும்ப வரும்போது கொண்டு வந்த நாற்பத்து மூன்று அங்குல டிவியை, மறுபடி போக முன் கொடுத்துவிடப் பார்த்தார். அங்கே அறையில் அதைத்தான் கொம்பியூட்டருக்கும் படத்துக்கும் பாவித்தாராம். உப்புக்காற்றுக்குப் பயந்து பின்பக்கத்தைத் துணியால் மூடி வைத்திருந்தார். அவர் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணியும் பணியாரமும் கொண்டு வந்து வைத்தா. எனக்கு மட்டும் சீனி போடாமல். நான் சொல்லாமலே எப்படித் தெரியும் என்று யோசித்தேன். இவர் சொல்லியிருப்பார்.

பிரேக் பரீட்சை முடிந்தது. அருமை. கொழுவ மூன்று இடம் இருந்தது, கேம் பெட்டியையும் லப்டொப்பையும் மாறி மாறிப் பிடுங்கத் தேவையில்லை. விலையும் எங்களுக்கு ஏற்றது. குறை சொல்ல ஒரு இடமும் இல்லை என்பது எனக்கு நல்லாக விளங்கியது. அதுதான் பயம்.

வம்சாவளிப் பக்கம் திரை முழுக்க விரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிதாக நான் அந்தக் கோடுகளைப் பார்த்ததில்லை. நடுவில் இருந்த கோடு வயிறு தள்ளிக்கொண்டு வளைந்து கிடந்தது.

கோடு வளைந்திருக்கிறது, இந்த டிவி வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இவர் திரைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். ஜவ்பர் நானாவுக்குக் கொஞ்சம் மனம் நொந்துவிட்டது. கோணல் டிவியைத் தலையில் கட்டுகிறவன் என்று பெயர் வாங்க அவர் தயாரில்லை. உள்ளே போய் ஒரு அடிமட்டத்தை எடுத்து வந்தார். முப்பது சென்ரிமீற்றர், இரும்பு. அதைத் திரையில் அந்தக் கோட்டின் மேலேயே வைத்துப் பிடித்து, இப்போது பாருங்கள் என்றார்.

பார்த்தேன்.

அடிமட்டமும் வளைந்திருந்தது.

இதுவும் வளைகிறது என்று சொல்லிவிட்டேன். நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். ஜவ்பர் நானா அடிமட்டத்தை மெதுவாக இறக்கினார். இவர்தான் கேட்டார்.

"எப்ப இருந்து, புள்ள?"

"ரெண்டு மாசம். இல்ல... அதுக்கும் முதல்ல இருந்து."

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க டொக்டரிட்டக் கூட்டிப் போயிருவீங்களே."

நான் அழுதேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், பணியாரத் தட்டுக்கு முன்னால் இருந்து, வெட்கமில்லாமல் அழுதேன். ஜவ்பர் நானா லப்டொப் வயரைக் கழற்றிச் சுற்றி என் பையில் வைத்தார்.

"டிவிய நான் வேற ஆருக்கும் குடுக்கல்ல, தங்கச்சி. முதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க."

வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் ஏறியதும் இவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினார். வாவி நல்ல வெளிச்சமாக இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன் — தோணி, வலை, கரையில் நின்ற கொக்கு. எது எது இன்னும் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தேன் என்பதுதான் உண்மை.

அடுத்த நாள் இவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. கண் கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் கறுப்புமணியை விரித்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஒரே வெள்ளை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. அம்மாவின் கடைசி நாலு வருடமும் இப்படித்தானா என்று நினைத்தேன். அந்த வாங்குப் பலகையில் இருந்து எழும்பி ஓடிப் போயிருப்பேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாததால்தான் இருந்தேன்.

டொக்டர் சின்ன வயதுப் பெண். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்டா. டிவி தேடிக்கொண்டிருந்தோம் என்று இவர் பதில் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தா.

சீனியால் கண்ணின் பின்பக்கத்தில் நீர் கசிந்து, நடுப்பார்வைக்குரிய இடம் வீங்கியிருக்கிறதாம். கோடு வளைவது அதனால்தான். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்று, முதலில் மூன்று. பிறகு பார்த்துத்தான் சொல்லலாம். போனது திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம், ஆனால் இருப்பதைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றா. நல்ல பிள்ளை. பொய் சொல்லவில்லை. ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

கண்ணுக்குள் ஊசி. இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதும்போதே விரல் குளிர்கிறது. முதல் ஊசி போன வாரம் போட்டாயிற்று. வலி பெரிதில்லை, மரக்க மருந்து விடுகிறார்கள். ஆனால் ஊசி வருவது தெரியாமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்ள முடியாதே... மற்ற எந்த ஊசிக்கும் நாம் செய்வது அதைத்தானே?

டிவி வந்துவிட்டது. ஜவ்பர் நானாவே முச்சக்கர வண்டியில், மெத்தைக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்து மேசையில் பூட்டித் தந்தார். இந்தப் பத்தியை அதில்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் என் பெருவிரல் அளவு. தெருவால் போகிறவர்கள் சன்னலால் என் பத்தியை உங்களுக்கு முதலே வாசித்துவிடலாம்.

கேமுக்கும் கொம்பியூட்டருக்கும் டிவி வாங்க நினைப்பவர்கள் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்க முதலே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எச்டி என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஃபுல் எச்டியா என்று கேளுங்கள். கேம் பெட்டியைக் கொண்டு போய்ப் பிரேக் பிடித்துப் பாருங்கள். எழுத்துள்ள பக்கம் ஒன்றைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். கோடு வளைந்தால் ஒரு அடிமட்டம் கேளுங்கள். அடிமட்டமும் வளைந்தால் கடைக்காரரை ஒன்றும் சொல்லாமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள். சீனி உள்ளவர்கள் டிவி வாங்காவிட்டாலும் போங்கள்.

மூன்று ஊசியில் இரண்டு மிச்சமிருக்கிறது. திகதி கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை. ஊசிக்குப் பிறகு கோடு கொஞ்சம் நிமிர்ந்ததா? சில காலையில் நிமிர்ந்த மாதிரி இருக்கிறது. சில காலையில் இல்லை. நான் அதிகம் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

இவர் ஒரு புதுப் பழக்கம் பிடித்திருக்கிறார். பின்னேரம் கேம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு பொத்தானை அமத்தி ஓட்டத்தை அப்படியே நிறுத்துவார். திரையின் கீழ் மூலையில் வேகம் இலக்கத்தில் நிற்கும். என்னைப் பார்க்காமலே கேட்பார்.

"ஸ்பீட் எத்தினை, புள்ள?"

நான் கதிரையில் இருந்தபடி வாசித்துச் சொல்வேன். நூற்றுப் பத்து. எண்பத்தைந்து. சரியாக இருந்தால் அவர் 'ஓம்' என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுவார். பார்வை இருக்கிறதா என்று கேட்பதற்கு எங்கள் இருவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

நேற்று மூலையில் இருந்த இலக்கம் எனக்குப் புகைக்குள் நின்றது. தலையைச் சரித்துப் பார்த்தேன். அறுபதா, எண்பதா... அறுபது என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, 'ஓம்' என்றார்.

இந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. நேற்றும் சொல்லவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.